37.5 காட்டியது, 39.3 இருந்தது: இன்குபேட்டர் சென்சாரைச் சரிபார்த்த கதை

ஆடி மூன்றாம் வெள்ளி காலையில், முட்டைக்குச் சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்க நான் செய்த தெர்மாகோல் பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. முட்டை வைத்து அன்றைக்குச் சரியாக இருபத்தோராம் நாள். மறுநாள் மதியத்துக்குள் 20 குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளியே வந்துவிட்டன. இதற்கு முன் இரண்டு தடவை சேர்த்து 54 முட்டை வைத்து ஐந்தே குஞ்சு எடுத்தவன் நான். அந்த ஐந்திலும் மூன்று தங்கவில்லை. பெட்டி அதேதான், பல்பு அதேதான், முட்டைகளும் ஆச்சி வளர்க்கும் அதே சிறுவிடைக் கோழிகள் இட்டவை. மாறியது சூட்டை அளக்கும் ஒரு சென்சார் மட்டும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. இனி யாரும் என்னைப் போல முட்டைகளை வீணாக்க வேண்டாம் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் ஆச்சிக்குப் பன்னிரண்டு கோழிகள். அவயத்துக்கு, அதாவது அடைகாக்க, உட்காரும் கோழி வருஷத்தில் மூன்றோ நான்கோதான். மற்ற நாளில் முட்டை விலைக்குப் போய்விடும். மேலப்பாளையம் சந்தையில் நாட்டுக்கோழி விற்கிற விலையைப் பார்த்துத்தான் சின்னதாக ஓர் இன்குபேட்டர் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

மீன் கடையில் கழித்த தெர்மாகோல் பெட்டி 120 ரூபாய். சூட்டைப் பார்த்துப் பல்பை எரித்து அணைக்கும் டபிள்யூ1209 என்கிற தெர்மோஸ்டாட் போர்டு 160. போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பன்னிரண்டு வோல்ட் எஸ்எம்பிஎஸ் 220. பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய ஃபேன் 80. நாற்பது வாட் குண்டு பல்பு இரண்டு, பீங்கான் ஹோல்டருடன் 130. முட்டைக்கு அடியில் விரிக்கக் கம்பி வலை 90. முட்டைகள் இருக்கும் உயரத்தில் சென்சார் தொங்குகிறது. பல்புச் சூடு நேராகத் தாக்காமல் இருக்க நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைத்தேன். இத்தனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது.

முட்டை வைப்பதற்கு முந்தின வாரம் சென்சார் வயரை எலி கடித்துவிட்டது. கடித்த இடம், வயர் நுனியில் சூட்டை உணரும் குமிழிலிருந்து ஒரு சாண் தூரம். ஒட்டுப்போட்டிருக்கலாம். ஆனால் புது வயராக இருந்தால் நல்லது என்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் 50 ரூபாய்க்கு வேறு சென்சார் வாங்கிப் பொருத்தினேன். அதுவும் 10 கிலோ ஓம் மின்தடை, அதே கறுப்பு வயர், அதே எஃகுக் குமிழ். மாட்டியதும் அறைச் சூடு 30 சொச்சம் என்று காட்டியது. பங்குனி வெயிலுக்கு அது பொருத்தமாகத்தான் பட்டது. பழைய குமிழைக் கடையில் வாஷர் போடும் டப்பாவில் போட்டு வைத்தேன். எங்கள் தொழிலில் எதையும் தூக்கி எறிகிற பழக்கம் கிடையாது. அந்தப் பழக்கம்தான் கடைசியில் காப்பாற்றியது.

கோழி முட்டைக்கு, ஃபேன் ஓடுகிற பெட்டியில், 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். போர்டில் வாங்கும்போதே இருந்த இடைவெளி 2 டிகிரி. 38.5இல் அணைந்து 36.5இல் எரியும்படி வைத்தேன், நடுவாந்திரம் 37.5 வரட்டும் என்று. முப்பது முட்டை. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, நாளைக்கு மூன்று தடவை புரட்டினேன்.

ஐந்தாம் நாள் ஆச்சி ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தாள். அவயக்கோழிக்கு அடியில் இருக்கும் முட்டையையும் அவள் இப்படித்தான் பார்ப்பாள். "இது அவயச் சூடு இல்லலே, காய்ச்சல் சூடுல்லா அடிக்கி" என்றாள். நான் டிஸ்ப்ளேயைக் காட்டி, "37.6 ஆச்சி, சரியாத்தான் இருக்கு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் முட்டையை வைத்துவிட்டுப் போனாள்.

பத்தொன்பதாம் நாளே மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. தொப்புள் மூடவில்லை. ஒன்றுக்குக் கால் விரல்கள் சுருண்டிருந்தன. இரண்டு மறுநாளே போய்விட்டன. மீதி முட்டைகளை உடைத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் முழுதாக வளர்ந்து செத்த குஞ்சுகள். அவற்றைத் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன். அந்த வேலையைச் செய்த மாலையை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

அப்போது நான் எடுத்த முடிவுதான் முதல் தவறு. சூடு 36.5க்கும் 38.5க்கும் நடுவே அலைந்ததுதான் காரணம் என்று நினைத்தேன். இடைவெளியை 2 டிகிரியிலிருந்து 0.2க்குக் குறைத்தேன். சூட்டைத் தாங்கிப் பிடிக்கட்டும் என்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை உள்ளே வைத்தேன். சித்திரையில் 24 முட்டை. ஒரு நோட்டுப் போட்டு ஒரு நாளைக்கு எட்டுத் தடவை எழுதினேன். 37.4, 37.5, 37.5, 37.6, 37.5, 37.4. இருபது நாளும் இதே வரிசைதான். அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை வந்தது. குஞ்சு இரண்டு. மறுபடியும் பத்தொன்பதாம் நாள். ஒன்று பிழைத்தது.

முதல் தடவை நூற்றுக்குப் பத்து, அலைச்சலைக் குறைத்த பிறகு நூற்றுக்கு எட்டு. அலைச்சல் காரணம் இல்லை என்பது அங்கேயே தெரிந்திருக்க வேண்டும். குஞ்சு முன்கூட்டியே வந்தால் சூடு அதிகம், பிந்தி வந்தால் சூடு குறைவு. இது கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இரண்டு தடவையும் குஞ்சுகள் முந்தித்தான் வந்தன. ஆனால் டிஸ்ப்ளே 37.5 காட்டுகிறதே என்று அந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டேன்.

வைகாசியில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நள்ளிரவில் அவளுக்குத் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஆச்சி சொன்ன காய்ச்சல் சூடு என்ற வார்த்தை நினைவுக்கு வந்தது. அவளுக்குக் குணமான பிறகு, காலிப் பெட்டியை ஓடவிட்டு, முட்டை இருக்கும் இடத்தில் அந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரைப் பத்து நிமிஷம் வைத்தேன். 102.7 ஃபாரன்ஹீட். செல்சியஸில் 39.3. போர்டில் அப்போதும் 37.5தான்.

இரண்டில் எதை நம்புவது? இங்கேதான் இரண்டாவது தவறு. எந்தச் சென்சாரையும் சோதிக்கப் பனிக்கட்டித் தண்ணீர் போதும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மையும்கூட. செல்சியஸ் 1742இல் தன் அளவுகோலுக்கு எடுத்துக்கொண்ட இரண்டு நிலைப்புள்ளிகளில் ஒன்று பனிக்கட்டி உருகும் நிலைதான். (அவர் அதற்கு 100 என்றும் தண்ணீர் கொதிப்பதற்கு 0 என்றும் வைத்தார். பின்னால்தான் தலைகீழாக மாற்றினார்கள்.) முதலில் மீன் கடைப் பனிக்கட்டியை வாங்கி வந்தேன், 2.2 காட்டியது. அதில் உப்பு ஏறியிருக்கும், உப்பு கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும் என்பது பிறகுதான் உறைத்தது. வீட்டு ஃபிரிட்ஜில் குடிதண்ணீரை உறையவைத்து, துணியில் சுற்றித் தட்டித் தூளாக்கி, பிளாஸ்க்கில் முக்கால் பங்கு போட்டு, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கிளறினேன். சென்சாரை நடுவில் வைத்து ஐந்து தடவை எடுத்தேன். 3.0, 2.9, 3.0, 3.1, 3.0.

பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. அப்படியானால் போர்டு மூன்று டிகிரி கூட்டிக் காட்டுகிறது, பெட்டிக்குள் நிஜமாக 34.5தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். காய்ச்சல் தெர்மாமீட்டர் நேர் எதிராகச் சொன்னதே என்ற உறுத்தல் இருந்தது. இருந்தாலும் பனிக்கட்டி பொய் சொல்லாது என்று அதையே நம்பினேன். போர்டில் பி-4 என்று ஒரு திருத்தம் வைக்கலாம். அதில் மைனஸ் 3.0 வைத்து, காலிப் பெட்டியை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். டிஸ்ப்ளே 37.5க்கு வந்து நின்றது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்ததும் எண்ணுக்குப் பதிலாக ஹெச் என்ற எழுத்து வந்தது. அதன் எல்லைக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே ஏறத்தாழ 43 டிகிரி. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். நல்லவேளை, அன்றைக்கு ஒரு முட்டைகூட உள்ளே இல்லை.

மறுநாள் கடையில் வாஷர் டப்பாவைக் கொட்டி எலி கடித்த பழைய குமிழைத் தேடி எடுத்தேன். பழையதையும் புதியதையும் மல்டிமீட்டரில் அளந்தேன். அறைச் சூட்டில், 30 டிகிரி இருக்கும், பழையது 8.0 கிலோ ஓம், புதியது 8.3. ஏறத்தாழ ஒன்றுதான். பனிக்கட்டியில் பழையது 33.4, புதியது 28.6. வெந்நீரில், 38 டிகிரியில், பழையது 5.7, புதியது 6.2.

அப்போதுதான் விளங்கியது. இந்தச் சென்சார்களில் 10 கிலோ ஓம் என்பது 25 டிகிரியில் உள்ள மதிப்பு மட்டும். அங்கிருந்து சூடு கூடும்போதும் குறையும்போதும் எவ்வளவு வேகமாக ஓம் மாறுகிறது என்பதற்குத் தனியாக ஓர் எண் இருக்கிறது, பீட்டா என்பார்கள். போர்டு எதிர்பார்ப்பது 3950 வகை. நான் பொருத்தியது 3435 வகையாக இருக்க வேண்டும், அளந்த எண்கள் அதற்குத்தான் பொருந்துகின்றன. வெளித் தோற்றத்தில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. 25 டிகிரியில் சரியாகக் காட்டும், அதற்குக் கீழே போகப் போகக் கூட்டிக் காட்டும், மேலே போகப் போகக் குறைத்துக் காட்டும். அதனால்தான் அறைச் சூட்டில் சந்தேகம் வரவில்லை, பனிக்கட்டியில் 3 டிகிரி கூடியது, 38 டிகிரியில் 1.8 குறைந்தது. நான் பனிக்கட்டியில் கண்ட தவறை முட்டைச் சூட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டினேன். தவறு அங்கே எதிர்த் திசையில் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் துல்லியம், நுட்பம் என்று இரண்டு சொற்களை அம்பு எய்யும் படம் போட்டுச் சொல்லித்தந்தார்கள். அம்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குத்தினால் நுட்பம், நடுப்புள்ளியில் குத்தினால் துல்லியம். பரீட்சைக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அந்தப் படத்தில் நடுப்புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது. என் பெட்டியில் அது தெரியவில்லை. அம்புகள் நெருக்கமாக விழுவதை மட்டும் 37.4, 37.5, 37.5 என்று நோட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். நெருக்கத்தை அந்தக் கருவியை வைத்தே பார்த்துவிடலாம், திரும்பத் திரும்ப அளந்தால் போதும். நடுப்புள்ளியில் படுகிறதா என்று தெரிய அந்தக் கருவிக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று வேண்டும். ஆச்சியின் கண்ணிமையால் அரை டிகிரி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இதே சூட்டில் அறுபது வருஷமாக முட்டைகளைத் தொட்டுப் பார்த்த இமை அது. புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். பழைய குமிழின் ஒரு சாண் வயரோடு புதிய வயரை முறுக்கி, சால்டர் வைத்து, இரண்டு முனைக்கும் தனித்தனியாக ஸ்லீவ் போட்டுச் சுருக்கினேன். ஈரம் ஏறாமல் மேலே இன்னொரு ஸ்லீவ். பி-4ஐ பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். பனிக்கட்டியில் 0.1 வந்தது. இந்தத் தடவை அதோடு நிறுத்தவில்லை.

வேலை நடக்கப்போகும் சூட்டிலேயே சோதிக்க வேண்டும். எங்கள் வீட்டு டிஜிட்டல், எதிர்வீட்டு நர்ஸ் அக்காவிடம் இருந்த பழைய பாதரசத் தெர்மாமீட்டர், பக்கத்துக் கடைக்காரரின் டிஜிட்டல் என மூன்று தெர்மாமீட்டர் இரவல் வாங்கிச் சேர்த்தேன். பிளாஸ்க்கில் 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். மூன்றின் நுனியையும் சென்சார் குமிழையும் ரப்பர் பேண்ட் போட்டு ஒன்றாகக் கட்டி, நடு ஆழத்தில் பிடித்து, மூன்று நிமிஷம் மெதுவாகக் கிளறினேன். பாதரசத்தில் 100.4, எங்களுடையதில் 100.5, மூன்றாவதில் 100.2. மூன்றும் வேறு வேறு ஆட்கள் செய்தவை, ஒன்று பாதரசம், இரண்டு மின்னணு. இவை மூன்றும் ஒரே பக்கமாக ஒரே அளவு தவறுவது அரிது. எனவே 38.0 என்று எடுத்துக்கொண்டேன். போர்டில் 37.8. பாதரசத்தை ஒவ்வொரு தடவையும் உதறி இறக்கி ஐந்து முறை எடுத்தேன். ஐந்திலும் போர்டு 0.2 குறைவாகவே வந்தது. பி-4இல் பிளஸ் 0.2 வைத்தேன். பாதரசத் தெர்மாமீட்டரை 42 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் வைக்கவே கூடாது, உடைந்து பாதரசம் சிந்திவிடும். அதனால் தண்ணீரை முதலில் டிஜிட்டலில் பார்த்துவிட்டுத்தான் அதை இறக்கினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த 3435 சென்சாரையே வைத்துக்கொண்டு, 38 டிகிரியில் சோதித்து, பிளஸ் 1.8 திருத்தம் வைத்திருந்தாலும் குஞ்சு பொரித்திருக்கும். அது எப்போதும் அதே அளவுதான் தவறியது. அப்படிப்பட்ட கருவியை ஓர் எண்ணைக் கூட்டிக் கழித்துப் பயன்படுத்திவிடலாம், முதலில் சோதித்த அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் என்றால்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டியவை ஈரப்பத மீட்டர்கள். சின்னக் கறுப்பு வில்லை மாதிரி இருப்பவை, ஒன்று 180 ரூபாய், மூன்று வாங்கினேன். ஒரே பெட்டிக்குள் மூன்றும் மூன்று எண் காட்டின. இவற்றைச் சோதிக்கக் கல் உப்பு போதும். தூத்துக்குடிக் கல் உப்பை ஒரு பாட்டில் மூடியில் போட்டு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் தெளித்து (கரையவிடக் கூடாது), மீட்டர்களோடு ஒரு கண்ணாடி டிபன் பாக்ஸில் காற்றுப் புகாமல் மூடி, இரவு முழுக்க வைத்தேன். அந்தக் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். நம்மூர்ச் சூட்டில் அது அதிகம் மாறாது.

காலையில் மூடியைத் திறக்காமல் கண்ணாடி வழியே அரை மணிக்கு ஒரு தடவை எழுதினேன். முதல் மீட்டர் 75, 76, 75, 75, 75. இரண்டாவது 68, 68, 69, 68, 68. மூன்றாவது 71, 79, 74, 80, 71. மூன்றாவதைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் சரியாக 75 வருகிறது, சராசரியில் இரண்டாவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பெட்டியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா என்று பார்க்கிற அந்த நேரத்தில் ஒரே ஓர் எண்தான் கிடைக்கும். அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவதை ஒதுக்கிவிட்டேன். இரண்டாவதில் '7 கூட்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டி இன்றும் பயன்படுத்துகிறேன்.

ஆனி கடைசி வெள்ளி மூன்றாவது பேட்ச், 30 முட்டை. சாரல் காலம், மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று. ராத்திரி வீட்டுக்குள் 26 வரை இறங்கியது, பல்பு அடிக்கடி எரிந்தது. முட்டை வைப்பதற்கு முன் பெட்டியின் நான்கு மூலையிலும் நடுவிலும் சூடு பார்த்தேன். ஃபேனுக்கு எதிர் மூலையில் 0.6 குறைவு. அந்த மூலையைக் காலியாக விட்டேன். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் நான்கில் கரு இல்லை, இரண்டில் நின்றுபோயிருந்தது. 18ஆம் நாள் வரை ஈரப்பதம் 50 முதல் 55, பிறகு புரட்டுவதை நிறுத்திவிட்டு 65க்கு மேல். மீதியிருந்த 24இல் 20 பொரித்தன. தொப்புள் எல்லாம் மூடியிருந்தது.

செலவு: பெட்டிக்கு, வீணான சென்சாரையும் சேர்த்து, 850 ரூபாய். ஈரப்பத மீட்டருக்கு 540. முட்டை ஒன்றுக்கு 15 ரூபாய் வைத்தாலும் முதல் இரண்டு தடவையில் போன 49 முட்டைக்கு 735. சோதனைக்கு ஆன செலவு பனிக்கட்டி, உப்பு, ஒரு மாலை நேரம்.

அடுத்த தடவை இரண்டு மாற்றம் செய்வேன். ஃபேனைப் பக்கச் சுவரிலிருந்து மூடிக்கு மாற்றி அந்தக் குளிர்ந்த மூலையைச் சரிசெய்ய வேண்டும். ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை, போர்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், வெளியே இருந்து படிக்கும்படி பெட்டிக்குள் நிரந்தரமாக வைக்க வேண்டும். சென்சார் வாங்கினால் 3950 என்று கேட்டு வாங்கி, கடையில் வைத்தே பனிக்கட்டியில் 33 கிலோ ஓம் வருகிறதா என்று அளந்துவிடுவேன்.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சோதித்த தேதி, வெந்நீரில் வந்த எண்கள், பி-4 எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது, புரட்டாசி பேட்ச்சுக்கு முன்னால் எடுக்கப்போகும் எண்களுக்காக. பிளாஸ்க்கைக் கழுவி வைத்தாகிவிட்டது, நர்ஸ் அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆச்சி இப்போதும் ஒவ்வொரு பேட்ச்சிலும் ஐந்தாம் நாள் ஒரு முட்டையை எடுத்து இமையில் ஒற்றிப் பார்க்கிறாள். அவள் சொல்வதையும் அதே தாளில் எழுதி வைக்கிறேன்.